‘ஓகே’யை அமுக்கியவன் எழுதிக்கொள்வது

ஸ்ரீபெரும்புதூர்,
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய நரசிம்மன் அத்திம்பேர் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் சம்பத்குமார் தண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் ஆத்துக்காரி வேங்கடலக்ஷ்மியும் சுகம். அதாவது வேங்கடலக்ஷ்மி சுகம். என்னைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். கும்பகோணத்தில் நீங்களும் ஜயா அக்காவும் நலமாக இருக்கவும், உங்கள் முழங்கால் வலி தணியவும் உடையவர் அருள வேண்டும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் எனக்குக் குரல் வராது. வாட்ஸாப்பில் எழுதலாம் என்றால், தவறிப்போய்க் குடும்பக் குழுவில் விழுந்துவிடுமோ என்று பயம். போன மாதம் என் சர்க்கரைப் பரிசோதனை முடிவு அப்படித்தான் பதினாறு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த விஷயம் உங்கள் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். உங்களுக்கும் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் பார்த்தா எப்படியும் சொல்லிவிடுவார். அவர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் காலையில் காப்பி குடித்த கையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

பார்த்தா உங்களிடம் கல்லூரியில் புள்ளியியல் படித்தவர். ஒரகடம் சாலையில் பழைய சரக்குக் கிடங்கு ஒன்றை அறுநூற்று நாற்பது இருக்கை உள்ள அரங்கமாக மாற்றி, ‘நிகழ்மாடம்’ என்று பெயர் வைத்து, ஒன்பது வருஷமாக நாடகமும் கச்சேரியும் நடத்தி வருகிறார். யார் வருகிறார்கள், யார் வருவதில்லை, எந்தக் காட்சி எடுபடுகிறது என்று டிக்கெட் விவரங்களை அலசிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று அவர் உங்களிடம் கேட்டபோது, நீங்கள்தான் என்னைச் சொன்னீர்கள். மைத்துனன் ரிட்டயர் ஆகிச் சும்மா இருக்கிறான், முப்பத்தோரு வருஷம் பிரேக் ஃபாக்டரியில் தரக்கட்டுப்பாடு பார்த்தவன், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றீர்களாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். நானும் என் பங்குக்குக் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதுதான் இந்தக் கடிதத்தின் சாரம். இத்தோடு நிறுத்திவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் முழுவதையும் எழுதினால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

டிக்கெட் விவரங்கள் எல்லாம் சென்னையில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. போனில் பேசிய பெண் எந்த வருஷத்து விவரம், எந்த மாதிரிக் காட்சிகள், என்னென்ன வேண்டும் என்று பொறுமையாகக் கேட்டாள். நான் எல்லாம் வேண்டும் என்றேன். எல்லாம் என்றால் ஒவ்வொரு காட்சிக்கும் ஒவ்வொரு இருக்கையும் ஒரு வரியாக வரும், விற்றதும் வரும், விற்காததும் வரும், ரொம்பப் பெரிதாக இருக்கும் சார், வருஷ வருஷமாகப் பிரித்துத் தரட்டுமா என்றாள். ஃபாக்டரியில் ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் பிரேக் ஷூ பார்த்தவன் அம்மா நான் என்று பதில் சொன்னேன். அவள் அப்படியே அனுப்பிவிட்டாள். காலை எட்டு மணிக்கு இறங்க ஆரம்பித்த கோப்பு மத்தியானம் இரண்டரைக்குத்தான் இறங்கி முடிந்தது. அதற்குள் வேங்கடலக்ஷ்மியின் ஆன்லைன் பாசுர வகுப்பு மூன்று முறை அறுந்து, நாலாவது முறை அவளுடைய குரல் மட்டும் போய் முகம் உறைந்து நின்றுவிட்டது. லேப்டாப் மிக்ஸி மாதிரி இரைந்தது. கோப்பைத் திறந்தபோது இங்கிலீஷில் இரண்டு வரி எழுதிய ஒரு சின்னப் பெட்டி எழும்பி வந்தது. கீழே ‘ஓகே’ என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினேன். அத்திம்பேர், என் ஆயுளில் எத்தனையோ சின்னப் பெட்டிகள் எழும்பி வந்திருக்கின்றன. எதையும் நான் படித்ததில்லை. அமுக்கினால் போய்விடும். இதுவும் போய்விட்டது.

அப்புறம் பத்து நாள் சாப்பாட்டு நேரம் தவிர மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. முதலில் கண்டுபிடித்தது ஒரு அபூர்வ ரசிகையை. அன்னக்கிளி என்ற பெயரில் மட்டும் எழுபத்தோராயிரம் இருக்கைகள். ஒன்பது வருஷமாக ஒரு காட்சி விடாமல், சில நாள் ஒரே காட்சிக்கு நூறு இருக்கைகூட எடுத்திருந்தாள். உடம்பு சிலிர்த்துவிட்டது. உடனே பார்த்தாவுக்குப் போன் செய்து, இந்தப் பகுதியின் தலைசிறந்த கலை ஆர்வலர் அன்னக்கிளி என்பவர், ஆண்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்றேன். பார்த்தா, சார், அவங்க நம்ம டிக்கெட் கவுண்டர்ல உக்கார்ற அம்மா, நேர்ல வந்து வாங்குறவங்க டிக்கெட் எல்லாம் அவங்க பேர்லதான் ஏறும் என்றார். இரண்டாவதாக, வருகிறவர்களின் வயதைக் கணக்குப் போட்டேன். பதினாலாயிரம் பேருக்கு வயது நூறைத் தாண்டியிருந்தது. பிறந்த தேதி சொல்லாதவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் தானாக ஆயிரத்துத் தொள்ளாயிரமாவது வருஷம் ஜனவரி ஒன்று என்று போட்டுக்கொள்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும். அரங்கத்தில் சாய்தளமும் கைப்பிடியும் உடனே போட வேண்டும், இடைவேளையில் முழங்கால் தைலம் விற்கலாம் என்று அறிக்கையில் எழுதினேன். அப்போது உங்கள் முழங்கால்தான் என் நினைவில் இருந்தது.

இந்த இரண்டு சறுக்கலிலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். பார்த்தா உங்கள்மேல் உள்ள மரியாதையில், பரவாயில்லை சார், போகப் போகப் பழகிடும் என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இவர்கள் எல்லாரும் வாயடைத்துப் போகிற மாதிரி ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று தேடினேன். கிடைத்தது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக் காட்சி.

அந்தக் காட்சி போன ஆவணியில்தான் தொடங்கியது. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கென்று பார்த்தா சோதனையாக ஆரம்பித்தது. என் கோப்பில் அந்தக் காட்சிக்கு வந்தவர்களின் எண்ணிக்கை ஒன்பது, பதினாலு, ஆறு, பதினொன்று என்று போனது. அறுநூற்று நாற்பது இருக்கையில் ஆறு பேர். அதற்குச் சிவப்பில் ஒரு பட்டை வரைந்தேன். பக்கத்திலேயே இன்னொரு படம், ஆண்டுவாரியாக வருகை. அதில் இந்த வருஷத்துப் பட்டை கட்டைவிரல் உயரத்துக்கு நின்றது. இந்த ஆண்டு மக்களின் ரசனை அடியோடு சரிந்துவிட்டது என்று அதன் கீழே எழுதினேன். நிகழ்மாடத்துக் கமிட்டிக் கூட்டத்தில் அந்தப் படத்தைச் சுவரில் காட்டியபோது ஐந்து உறுப்பினர்களும் உச்சுக் கொட்டினார்கள். வருஷம் பாதிதானே ஆகியிருக்கிறது, அதனால் இருக்கும் என்று ஒருவர் தேற்றினார். எப்படிப் பாதியானாலும் கட்டைவிரல் அளவுக்கா குறையும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டது ஒரே ஒருத்தி. அன்னக்கிளி அம்மாள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவருகே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். பக்கத்து வல்லம் கிராமத்துக்காரி, குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருந்து ஃபாக்டரிக்குப் போனது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவள் மெதுவாக, “வியாழக்கெழம நல்லா கூட்டம் வருது சார். டிக்கெட் கிழிச்சிக் கிழிச்சிக் கை வலிக்குது” என்றாள்.

நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். “அம்மா, உங்க அபிப்பிராயம் வேற, தரவு வேற” என்றேன். கமிட்டியில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வியாழக்கிழமை காலைக் காட்சியை அந்த வாரத்திலிருந்தே நிறுத்துவது என்று தீர்மானம் ஆனது. நாடகக் குழுவுக்குப் போனில் சொல்லிவிட்டார்கள். நான் என் அறிக்கையைக் கலரில் அச்சடித்து, கவுண்டர் பக்கத்துப் பலகையில் நானே நாலு பக்கமும் பின் குத்தி ஒட்டிவிட்டு வந்தேன்.

அத்திம்பேர், ஃபாக்டரியில் என்னிடம் வேலை கற்றுக்கொண்ட அத்தனை பேருக்கும் நான் ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொல்வேன். பேப்பரைப் பார்க்காதே, லைனுக்குப் போய்ப் பார். முப்பத்தோரு வருஷம் சொன்னேன். நிகழ்மாடத்துக்காக ஒரு வியாழக்கிழமைகூட நான் போய்ப் பார்க்கவில்லை. கடைசியில் போனேன். ஆனால் பார்ப்பதற்காகப் போகவில்லை. அடுத்த அறிக்கைக்கு ஒரு போட்டோ வேண்டியிருந்தது. காட்சியை நிறுத்திய முதல் நாள், மூடிய கேட், முன்னால் ஆளே இல்லாத வெறும் மைதானம். அதை எடுத்து முதல் பக்கத்தில் போட வேண்டும் என்று ஆசை.

எட்டரை மணிக்கு ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தேன். கேட்டுக்கு வெளியே முதலில் ஒரு இருபது பெண்கள் நின்றார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் நகர்ந்தால் போட்டோ எடுக்கலாம் என்று செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர்கள் நகரவில்லை. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடந்து மேலும் மேலும் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாரும் சின்ன வயது. இரவெல்லாம் எலக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் நின்று வேலை பார்த்துவிட்டு, ஹாஸ்டலுக்குப் போய்க் குளித்து, ஈரத்தலையோடு பூ வைத்துக்கொண்டு, சில பேர் கழுத்தில் இன்னும் ஐடி கார்டைக் கழற்றாமல் வந்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு அந்தச் சாலையோரம் கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஆகிவிட்டது. இவர்கள் யாரும் முன்பதிவு செய்கிறவர்கள் இல்லை, நேரே கவுண்டரில் வந்து வாங்குகிறவர்கள். அதனால் காட்சி நின்றுபோன சேதி ஒருவருக்கும் போகவில்லை.

ஒரு பெண் என் பக்கத்தில் வந்து, நான் பத்திரிகைக்காரரா என்று கேட்டாள். பெயர் சசிரேகா, செய்யாறு பக்கத்துப் பெண். இல்லை என்றேன். அப்படியென்றால் காட்சி ஏன் இல்லை என்று உங்களுக்குத் தெரியுமா ஐயா என்றாள்.

“தெரியலையேம்மா. நானும் பாக்கத்தான் வந்தேன்.”

இதுதான் நான் சொன்னது. வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறேன். அறுபத்தொரு வயதில், நெற்றியில் திருமண்ணோடு, ஒரு குழந்தையிடம் பொய் சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். வெயிலில் நிக்காதீங்க என்று சொல்லி, மதகுக் கட்டையில் தன் பையை விரித்து என்னை உட்காரவைத்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். சசிரேகாவின் அம்மா சின்னப்பொண்ணு. அன்று விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்து ஊரிலிருந்து வந்தவள். பெண்ணைப் பார்க்க வந்தீர்களா என்று ஏதோ பேச வேண்டுமே என்று கேட்டேன்.

“அத அடிக்கடி பாத்துக்கினுதான் இருக்கேன்” என்றாள். “தெனம் போன் பண்ணும். தூக்கமில்ல, கால் வலின்னு அழுவும். வியாழக்கெழம மட்டுந்தான் சிரிச்சிப் பேசும். அப்டி சிரிக்க வெக்கிற எடம் எதுன்னு பாக்கலாம்னு வந்தேன்.”

அத்திம்பேர், நான் மூடிய கேட்டைப் பார்த்தேன். அந்த அம்மாளும் பார்த்தாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். அவள் எனக்குப் பசி என்று நினைத்து, தன் பொட்டலத்திலிருந்து பாதி இட்லியைப் பிய்த்துக் கொடுத்தாள். சாப்பிட்டேன்.

இதற்குள் அந்தப் பெண்கள் கூடிப் பேசி, மனு எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டார்கள். பேப்பர் யாரிடமும் இல்லை. என் சட்டைப் பையில் நோட்டும் பேனாவும் துருத்திக்கொண்டிருந்தன. ஆளில்லாத மைதானத்தைப் பற்றிக் குறிப்பு எழுத எடுத்துப்போனவை. சசிரேகா வந்து, ஐயா நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, எங்களுக்காக ஒரு மனு எழுதித் தருவீங்களா என்று கேட்டாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது. மதகுக் கட்டையில் உட்கார்ந்து, என் மேல் நானே மனு எழுதினேன்.

அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். இரவு வேலை வாரம் எங்களுக்கு வியாழக்கிழமை காலையோடு முடிகிறது, ஹாஸ்டலில் பகலில் தூங்க முடியாது, வாரம் முழுக்க நாங்கள் உட்கார்ந்து சிரிக்கிற இரண்டு மணி நேரம் இது ஒன்றுதான் என்று முதல் பத்தி. இரண்டாவது பத்தியில், இந்த முடிவை எடுத்தவரைப் பற்றி எழுத வேண்டும் என்றார்கள். நான் மெதுவாக ‘மதிப்பிற்குரிய ஆய்வாளர்’ என்று ஆரம்பித்தேன். சசிரேகா தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து, மதிப்பிற்குரிய வேண்டாம் ஐயா, அடிச்சிருங்க என்றாள். அடித்தேன். ‘அவர் ஒரு நாளாவது இங்கே வந்து பார்த்தாரா’ என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். ‘இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல்’ என்று சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தேன். பின்னாலிருந்து ஒரு பெண், அந்த ஆளுக்கு வூட்ல வேற வேலை இல்லன்னு போடுங்க ஐயா என்றாள். அது மனுவுக்குப் பொருந்தாது என்று வாதாடினேன். ஓட்டெடுப்பு நடந்தது. பொருந்தும் என்று முடிவானது. அதையும் எழுதி, அவர்கள் சொன்னபடி அடிக்கோடும் போட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து விழுந்தது. கடைசியில், ஐயா நீங்களும் போடுங்க, நீங்களும்தானே ஏமாந்து போனீங்க என்றாள் சசிரேகா. கிறுக்கலாக ஒரு கையெழுத்துப் போட்டேன். ஆக, இருநூற்றுப் பதின்மூன்று.

மனுவை வாங்கிக்கொள்ள கேட்டுக்கு உள்ளேயிருந்து அன்னக்கிளி அம்மாள் வந்தாள். வர வேண்டாம் என்று சொல்லியிருந்தும் அன்று வந்திருக்கிறாள். கம்பி வழியாக என்னைப் பார்த்தாள்.  இவர்தான் அவர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. மனுவை முழுக்கப் படித்தாள். “கையெழுத்து நல்லா கீது சார்” என்றாள். பெண்கள் கலைந்து போக ஆரம்பித்த பிறகு, கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“போர்டுல ஒட்னீங்களே சார், அந்த லிஸ்டு. தை மாசத்தோட நிக்குது. மாசி மாசம் எங்க?”

எனக்குப் புரியவில்லை. பொங்கல் கழித்துத்தான் பக்கத்தில் பெரிய ஹாஸ்டல் ஒன்று திறந்தது, மாசியிலிருந்துதான் இந்தக் கூட்டம் என்றாள். சின்னப்பொண்ணு அம்மாள் அதற்குள் ஊர் பஸ்ஸுக்குப் புறப்பட்டுவிட்டாள். போகும்போது என்னைப் பார்த்து, வரேங்க, நீங்க எழுதிக் குடுத்ததுக்கு ரொம்ப நன்றி என்று கும்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தேன். வேங்கடலக்ஷ்மி வந்து பின்னால் நின்றாள். கோப்பின் கடைசி வரிக்குப் போனேன். அந்தக் கடைசி வரியை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து ஐநூற்று எழுபத்தாறாவது வரி. தேதி தை இரண்டு, மாட்டுப் பொங்கல் நிகழ்ச்சி. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. மேலும் இறக்கினால் இறங்கவில்லை. கம்ப்யூட்டரில் அந்தக் கணக்குத் தாள் அவ்வளவு வரிதான் கொள்ளுமாம். அதற்குமேல் வந்ததை எல்லாம் விட்டுவிட்டது. தை மூன்றிலிருந்து ஆடி வரைக்கும் ஆறு மாதம், எண்பதாயிரம் வரிகள், அதற்குள் அந்த இருநூறு பெண்கள். சொல்லாமல் விட்டுவிட்டதே என்று கத்தினேன். கோப்பை மூடித் திரும்பத் திறந்தபோது அந்தச் சின்னப் பெட்டி மறுபடி எழும்பி வந்தது. இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். கோப்பு முழுவதுமாக ஏறவில்லை என்று அதில் எழுதியிருந்தது.

“ஏன்னா, இதை முன்னாடியே காட்டினதா?” என்றாள் வேங்கடலக்ஷ்மி.

ஆமாம் என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். என்னைப் பார்த்துவிட்டு, செருப்பை வெளியில விட்டுட்டு வாங்கோ, மோர் தரேன் என்றாள்.

நேற்று சனிக்கிழமை அவசரக் கமிட்டி. மனுவைப் பார்த்தாவே உரக்கப் படித்தார். வீட்டில் வேலை இல்லை என்ற வரியில் ஒரு கணம் நிறுத்தி, அடிக்கோடு வேற போட்டிருக்காங்க என்றார். படித்து முடித்து, யார் எழுதினதோ, கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது என்றார். எழுந்து நின்று நான்தான் என்றேன். மனுவைக் கொண்டுவந்தது நானா என்று கேட்டார்கள். இல்லை, எழுதியது நான். அறிக்கையை எழுதியது சம்பத்குமார் சார் இல்லையா என்றார் ஒரு உறுப்பினர். அதையும் நான்தான் என்றேன். இப்படி மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு தாள் நிரம்பியது, பெட்டி வந்தது, நான் அமுக்கியது எல்லாவற்றையும் சொன்னேன். அன்னக்கிளி அம்மாள் டீயோடு வந்தாள். அவள் கையிலிருந்து தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கு நான் சொன்ன வார்த்தைக்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். டீ ஆறிடும் சார், குடிங்க என்றாள். காலைக் காட்சி வரும் வியாழனிலிருந்து திரும்ப நடக்கும் என்று தீர்மானம் போட்டார்கள். பார்த்தா என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, “சார்கிட்ட நான் என்னன்னு சொல்றது?” என்று கேட்டார். அவர் சார் என்றது உங்களை. நானே எழுதிவிடுகிறேன், ஒரு நாள் பொறுங்கள் என்றேன்.

எழுதிவிட்டேன், அத்திம்பேர். நீங்கள் எத்தனை வருஷம் எத்தனை பையன்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து சம்பாதித்த பெயரை நான் ஒரு பொத்தானில் அமுக்கிவிட்டேன். கமிட்டியில் சொன்னதோடு என் குற்றம் முடியவில்லை. அந்தப் பெண் சசிரேகாவுக்கு இன்னும் என்னை யாரென்று தெரியாது. எந்த முகத்தோடு அவளிடம் போய்ச் சொல்வது. அவள் மனதில் நான் மனு எழுதிக் கொடுத்த நல்ல பெரியவராக இருக்கிறேன். அந்த அம்மாள் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடுதான் மூன்று நாளாக என்னைச் சோறு இறங்கவிடாமல் செய்கிறது. ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நிகழ்மாடம் பக்கமே இனிப் போவதில்லை. விலகல் கடிதமும் எழுதி வைத்துவிட்டேன். லேப்டாப்பை வேங்கடலக்ஷ்மியின் பாசுர வகுப்புக்கென்றே கொடுத்துவிட்டேன். இந்த ஜென்மத்தில் இனி எதையும் எண்ணுவதில்லை, குக்கர் விசிலைக்கூட.

ஜயா அக்காவின் பாதங்களில் என் தண்டன். இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டுவதானால் அந்த இட்லிப் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள், சாலையோரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்றால் வருத்தப்படுவாள். பெங்களூரில் இருக்கும் குழந்தைகளுக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசிகள். என்னை மன்னிக்க மனம் வந்தால் ஒரு கார்டு போடவும். வராவிட்டாலும் முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டுமாவது எழுதவும்.

தலைகுனிந்து,
சம்பத்குமார்.

பின்குறிப்பு: இந்தக் கடிதம் தபால்தலை ஒட்டாமல் நாலு நாள் மேஜையிலேயே கிடந்துவிட்டது. இன்று வியாழக்கிழமை. போவதில்லை என்று மேலே எழுதியிருக்கிறேனே, போனேன். கேட்டில் சசிரேகாவைத் தேடிப் பிடித்து, அம்மா, அந்த ஆய்வாளர் நான்தான், பொய் சொல்லிவிட்டேன் என்றேன். அவள் கொஞ்சமும் அசையவில்லை. “எங்களுக்கு அன்னைக்கே தெரியும் ஐயா. நீங்க ஸ்கூட்டர நிறுத்தும்போதே அன்னக்கிளி அக்கா கேட்டுக்குள்ள இருந்து சொல்லிட்டாங்க. நீங்களே உங்க கையால எழுதிக் குடுத்தாத்தான் கமிட்டில எடுபடும்னாங்க” என்றாள். அவள் அம்மாவுக்கு மட்டும் தெரியாதாம். அந்த அம்மாள் இன்று வரவில்லை, ஊரில் நடவு வேலை. ஆகவே மேலே நான் மறைத்ததாக எழுதியிருப்பது எதுவும் மறைபடவில்லை, எனக்குத்தான் தெரியவில்லை என்று திருத்தி வாசிக்கவும். விலகல் கடிதத்தை அன்னக்கிளி அம்மாள் வாங்கிப் படித்துவிட்டு, கவுண்டர்ல பேப்பர் தீந்துபோச்சி என்று சொல்லி அதன் பின்பக்கத்தில் எனக்கு வேலை எழுதிக் கொடுத்திருக்கிறாள். இனி ஒவ்வொரு வியாழனும் நான் கேட்டில் நின்று உள்ளே போகிற தலைகளை எண்ண வேண்டும். இன்று இரண்டு முறை எண்ணினேன். ஒரு முறை இருநூற்று முப்பத்தொன்று, இன்னொரு முறை இருநூற்று நாற்பத்தாறு. எதை எழுதுவது என்று உங்களிடம் கேட்கத்தான் போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை.